கூலன்ட் மாற்றியபின் ஹீட்டரில் குளிர்காற்று, எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறி இறங்குகிறது. ஏர் எடுப்பது எப்படி?

புதியஓட்டம்:

வணக்கம். என்னுடையது 1.2 லிட்டர் பெட்ரோல் கார், 4 சிலிண்டர், 9 வருடமாக ஓடுகிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் பழுப்பு நிறமாகிவிட்டதால் சனிக்கிழமை காலையில் நானே மாற்றினேன். எஞ்சின் பக்கம் கை வைப்பது இதுதான் முதல் தடவை. எது முக்கியம், எது முக்கியமில்லை என்று எனக்குத் தெரியாததால் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். அடியில் இருக்கும் ப்ளக்கையும் கீழ் ஹோஸையும் கழற்றி வடித்தேன். அந்தப் பழைய கூலன்ட் இரண்டு கேன்களில் மூடி வைக்கப்பட்டிருக்கிறது. ரிசர்வ் டேங்கைத் தனியாகக் கழுவி மாட்டினேன். பிறகு தண்ணீர் கலக்கத் தேவையில்லாத, கலந்தே வரும் கூலன்ட்டை ரேடியேட்டர் கழுத்தில் ஊற்றினேன். 3 லிட்டர் போனதும் கழுத்து வரை நிரம்பிவிட்டது. மூடியைப் போட்டு பத்து நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிட்டேன். ஒழுக்கு எதுவும் இல்லை, முள் நடுவில் நின்றது. சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

மாலையில் எடுத்துக்கொண்டு போனபோது 6 கிலோமீட்டரில் முள் நடுவைத் தாண்டி முக்கால் வரை ஏறியது. நான் ஓரம் கட்டுவதற்குள் சட்டென்று நடுவுக்கே இறங்கிவிட்டது. ஹீட்டரைப் போட்டுப் பார்த்தேன். வண்டி நிற்கும்போது குளிர்காற்று, ஆக்சிலரேட்டரை மிதித்தால் வெதுவெதுப்பு, விட்டால் மறுபடி குளிர். டேஷ்போர்டுக்குப் பின்னால் சின்ன ஓடை ஓடுவது போல ஒரு சத்தம். மேல் ஹோஸ் நல்ல சூடு, கீழ் ஹோஸ் தொட்டால் குளிர்ச்சி.

எஞ்சினை அணைத்து, இரண்டரை மணி நேரம் காத்திருந்து மூடியைத் திறந்தேன். இன்னும் 300 மில்லி போனது. மறுபடி ஓட்டிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

இது காற்றுதானா? இந்த 6 கிலோமீட்டரில் எஞ்சினுக்கு ஏதாவது ஆகியிருக்குமா? செவ்வாய்க்கிழமை அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும், ஒரு வழி 40 கிலோமீட்டர். அதற்குள் சரிசெய்ய முடியுமா என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

நீலவண்டி:

ஏர் லாக்தான், சந்தேகமே இல்லை. ரேடியேட்டருக்குப் போகும் ஓட்டத்தைச் சூட்டைப் பொறுத்துத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மூடியைத் திறந்து வைத்து ஓடவிடுங்கள். தடுப்பதற்கு எதுவும் இல்லையென்றால் காற்று தானாக வெளியே வந்துவிடும். என் பழைய வண்டியில் இரண்டு வருடம் தெர்மோஸ்டாட் இல்லாமலேயே ஓட்டினேன்.

பழையஸ்பேனர்:

தம்பி, முதலில் ஒன்று. ஏர் முழுவதும் வெளியே வரும் வரை வண்டியை ரோட்டுக்கு எடுக்காதீர்கள். வீட்டைச் சுற்றி ஒரு ரவுண்டு கூட வேண்டாம்.

அடுத்தது, அந்த இரண்டு கேன்களைக் கொட்டாமல் வைத்திருக்கிறீர்களே, ரொம்ப நல்லது. அதில் எவ்வளவு இருக்கிறது என்று மில்லி கணக்கில் அளந்து சொல்லுங்கள். வெளியே வந்தது எவ்வளவு, உள்ளே போனது எவ்வளவு: இந்த இரண்டு எண்ணும் இல்லாமல் கூலன்ட் வேலை முடிந்தது என்று யாரும் சொல்ல முடியாது. கையேட்டில் போட்டிருக்கும் மொத்தக் கொள்ளளவை வைத்துப் பார்க்காதீர்கள். ப்ளக்கைக் கழற்றினாலும் எஞ்சின் பிளாக்கிலும், ஹீட்டருக்குச் சூடு தரும் ஹீட்டர் கோரிலும் பழைய கூலன்ட் கொஞ்சம் தங்கிவிடும். அதனால் எவ்வளவு வந்ததோ அவ்வளவுதான் திரும்பப் போக வேண்டும். போகவில்லையென்றால் மிச்ச இடத்தில் இருப்பது காற்று.

முள் ஏன் ஏறி இறங்கியது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்தே வரும். வாட்டர் பம்ப் திரவத்தைத்தான் தள்ளும். அதன் இறக்கைகளுக்கு நடுவில் காற்று புகுந்தால் சும்மா சுற்றும், ஓட்டம் நின்றுவிடும். ஹீட்டர் கோர் மெல்லிய குழாய்களால் ஆனது, பல கார்களில் உயரமான இடத்தில் இருக்கும், அங்கே காற்று போய் உட்கார்ந்துகொள்ளும். மிதித்தால் பம்ப் வேகமாகச் சுற்றிக் கொஞ்சம் சுடுதண்ணீரைத் தள்ளுகிறது, விட்டால் நின்றுபோகிறது. உங்கள் ஹீட்டர் செய்வது அப்படியே இதுதான். நீங்கள் கேட்ட ஓடைச் சத்தம் அந்தக் குழாய்களில் காற்றும் தண்ணீரும் கலந்து ஓடுவது.

தெர்மோஸ்டாட்டுக்குள் ஒரு மெழுகு உருளை இருக்கிறது. அது உருகி விரிந்துதான் வால்வைத் திறக்கிறது. பல கார்களில் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். சூடான தண்ணீர் சுற்றி நின்றால் சரியாக வேலை செய்யும். காற்றுக்குமிழி சூழ்ந்திருந்தால் அதற்குச் சூடு தாமதமாகத்தான் எட்டும். அதற்குள் எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் அளவுக்கு மீறிச் சூடாகிவிடுகிறது. உங்கள் வண்டியில் முள் முக்கால் வரை போனது அந்த நேரம். பிறகு வால்வு திறந்து, கூலன்ட் பாய்ந்து, முள் விழுந்திருக்கிறது.

முள் நடுவில் நிற்கிறதே என்று நம்பியிருக்கவும் கூடாது. சென்சார் தண்ணீரில் முங்கியிருந்தால்தான் சரியான சூட்டைச் சொல்லும், காற்றில் இருந்தால் குறைத்தும் காட்டும். அதோடு இன்றைய பல கார்களில் சூடு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள்.

22 வருடமாக ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறேன். தொழிலுக்கு வந்த இரண்டாவது வருடம் ஒரு வண்டிக்கு நான் கூலன்ட் மாற்றி, முள் நடுவில் நிற்பதைப் பார்த்து நம்பி அனுப்பினேன். மறுநாள் அது கயிறு கட்டி இழுத்துத்தான் வந்தது. ஹெட்டைக் கழற்றி ஸ்கேல் வைத்துப் பார்த்தால் நடுவில் வளைந்திருந்தது. அவர் வேலைக்குப் போய்வர வைத்திருந்த ஒரே வண்டி அது. அன்று முதல் வடித்ததை அளக்காமல் ஒரு வண்டிக்கும் நான் கூலன்ட் ஊற்றியதில்லை.

நீலவண்டி நண்பரே, தெர்மோஸ்டாட்டைக் கழற்றச் சொல்லாதீர்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வர வெகுநேரம் ஆகும். கம்ப்யூட்டர் குளிர் எஞ்சின் என்று நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். ஆயிலில் சேரும் ஈரமும் ஆவியாகிப் போகாது. பல தெர்மோஸ்டாட்டில் காற்று போவதற்கென்றே ஒரு சின்னத் துளையும் அதில் ஆடும் ஊசியும் வைத்திருக்கிறார்கள். மாட்டும்போது அந்த ஊசி உச்சியில் வரும்படி வைத்தால் போதும்.

உங்கள் எஞ்சினுக்கு ஏதாவது ஆகியிருக்குமா என்று கேட்டீர்கள். சிவப்பைத் தொடுவதற்குள் நிறுத்தியிருக்கிறீர்கள், ஆறும் வரை காத்திருந்து திறந்திருக்கிறீர்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அளந்துவிட்டு எழுதுங்கள்.

புதியஓட்டம்:

அண்ணா, இவ்வளவு விளக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. மிக்க நன்றி.

அளவுக் குடுவையில் இரண்டு முறை ஊற்றிப் பார்த்தேன். வெளியே வந்தது 4 லிட்டர் 250 மில்லி. உள்ளே போனது 3 லிட்டரும் பிறகு 300 மில்லியும். அப்படியென்றால் 950 மில்லி காற்று உள்ளேயே இருக்கிறது! கிட்டத்தட்ட ஒரு லிட்டர் குறைவாக ஓட்டியிருக்கிறேன் என்று நினைத்தாலே பதறுகிறது.

ஹீட்டருக்குப் போகும் ஹோஸ் எஞ்சின் அறையின் பின்தகட்டில் நுழையும் இடத்தில், கறுப்புப் பிளாஸ்டிக் தலையோடு ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கிறது. காற்றை வெளியே விடும் ப்ளீட் ஸ்க்ரூ என்பது இதுவா? ரேடியேட்டரில் அப்படி எதுவும் இல்லை. என்னிடம் ஒரு ஜாக்கியும் இரண்டு ஸ்டாண்டும் இருக்கின்றன.

பழையஸ்பேனர்:

அதுதான். தண்ணீர் ஓடும் பாதையில் அந்த ஹோஸ்தான் மேடு. காற்று ஏறி உட்காரும் இடம் என்பதால் அங்கே ஸ்க்ரூ வைத்திருக்கிறார்கள். சில கார்களில் தெர்மோஸ்டாட் உட்காரும் உறையின் மேல் இருக்கும், சிலவற்றில் ரேடியேட்டரின் மேல் மூலையில் இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது.

நாளைக் காலையில் எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது ஆரம்பியுங்கள். வெட்டவெளியில் செய்யுங்கள். மூடிய இடத்தில் எஞ்சினை ஓடவிட்டால் புகை உயிருக்கே ஆபத்து. ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, பின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியில் மட்டும் நிற்க விடாதீர்கள். காற்று மேட்டைத் தேடிப் போகும், அதனால் நாம் ஊற்றும் வாய் எல்லாவற்றையும் விட மேட்டில் இருக்க வேண்டும். உங்கள் வண்டியில் ரேடியேட்டர் கழுத்து தாழ்வாகவும் ஹீட்டர் ஹோஸ் உயரமாகவும் இருக்கிறது. சமதளத்தில் நிறுத்தி ஊற்றினால் கழுத்து நிரம்பினாலும் பின்னால் ஒரு லிட்டர் இடம் காலியாகவே நிற்கும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

ஹீட்டரை முழுச் சூட்டுக்குத் திருப்பி வையுங்கள். ஹீட்டர் பாதையில் வால்வு இருக்கும் கார்களில் அது திறந்திருந்தால்தான் அந்தப் பக்கத்துக் காற்று வெளியே வரும். கழுத்தில் ஒரு புனலை இறுக்கமாக உட்காரவைத்து, ப்ளீட் ஸ்க்ரூவை இரண்டு சுற்று தளர்த்திவிட்டு மெதுவாக ஊற்றுங்கள். மெதுவாக என்றால் உண்மையிலேயே மெதுவாக. அவசரப்பட்டு ஊற்றினால் திரவம் முன்னே ஓடிக் காற்றைப் பின்னால் அடைத்துவிடும். ஊற்றும்போது நடுநடுவே மேல் ஹோஸைக் கையால் அமுக்கி விடுங்கள், குமிழி கிளம்பி வருவது தெரியும். ஸ்க்ரூ வாயில் முதலில் உஸ்ஸென்று காற்று வரும், பிறகு நுரை, பிறகு விட்டுவிடாத ஒழுக்கு. ஒழுக்கு வந்ததும் மூடிவிடுங்கள். பழைய பிளாஸ்டிக், இறுக்கினால் தலை முறிந்து கையோடு வந்துவிடும். விரலால் திருகி, அதற்குமேல் கால் சுற்று போதும்.

இப்போது புனலில் ஒரு கை அளவு கூலன்ட் நிற்க, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுங்கள். முதல் பத்து நிமிடம் பெரிதாக ஒன்றும் நடக்காது, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வரும். தெர்மோஸ்டாட் திறக்கும் நொடியில் புனலில் இருப்பது மடமடவென்று இறங்கும். அதற்குத் தயாராகக் கையில் கேனோடு நில்லுங்கள், புனல் காலியானால் மறுபடி காற்றை உறிஞ்சிக்கொள்ளும். அந்தச் சமயத்தில் கீழ் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். சூடு ஏறத் தொடங்கியிருந்தால் ரேடியேட்டர் வழியாக ஓட்டம் வந்துவிட்டது என்று அர்த்தம். ரேடியேட்டர் ஃபேன் எப்போது வேண்டுமானாலும் சுழல ஆரம்பிக்கும், கையும் சட்டைத் துணியும் அதன் பக்கம் போகக் கூடாது.

ஃபேன் ஒரு தடவை ஓடி நின்றபின் 2000 முதல் 2500 ஆர்பிஎம்மில் அரை நிமிடம் பிடித்து விடுங்கள். இரண்டு நிமிட இடைவெளியில் நான்கைந்து தடவை இப்படிச் செய்யலாம். மிதிக்கும்போது புனலில் மட்டம் இறங்கும், விட்டதும் ஏறி வரும். பாதிக்கு மேல் நிரப்பி வைத்திருந்தால் வழிந்து ஃபேன் மேல் கொட்டும். காரின் கம்ப்யூட்டரிலிருந்து சூட்டை எண்ணாகப் படித்துக் காட்டும் ஓபிடி ரீடர் கிடைத்தால் மாட்டுங்கள், முள்ளை விட அது நம்பகமானது. மூடி திறந்திருக்கும்போது உள்ளே அழுத்தம் கிடையாது என்பதை மறக்காதீர்கள். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த வாயில் 107 டிகிரி வாக்கில் கொதிக்கும். 1.1 பார் மூடி போட்டிருந்தால் 125 டிகிரி தாண்டினாலும் கொதிக்காது. அதனால் ரீடரில் 100 தாண்டினால் உடனே அணைத்துவிட்டு ஆறவிடுங்கள்.

குமிழி நின்றதும் எஞ்சினை அணைத்து, புனலை எடுத்து மூடியைப் போட்டு இரவு முழுவதும் ஆறவிட வேண்டும். இது விடக்கூடாத வேலை. ஆறும்போது கூலன்ட் சுருங்கும், மூடியிலுள்ள சின்ன வால்வு திறந்து ரிசர்வ் டேங்கிலிருந்து உள்ளே இழுக்கும். ஒளிந்திருந்த காற்று இரவில் கழுத்துக்கு ஏறி வந்து நிற்கும். ரிசர்வ் டேங்கில் மேல்கோடு வரை இருக்கட்டும். காலையில் ரேடியேட்டர் மூடியையும் திறந்து பாருங்கள். டேங்க் நிறைந்திருந்தாலும் உள்ளே குறைந்திருக்கலாம்.

சூடான எஞ்சினில் மட்டும் மூடியைத் தொடாதீர்கள். அழுத்தம் போன அந்த நொடியே உள்ளே இருப்பது முழுவதும் கொதித்து முகத்தில் அடிக்கும். அந்தத் தழும்போடு ஒருவர் என்னோடு வேலை செய்தார்.

இரவுப்பயணி:

பழையஸ்பேனர் சொன்னது இந்த வண்டிக்கு அப்படியே பொருந்தும். பின்னால் படிக்க வருகிறவர்களுக்காக இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

எங்கள் இடத்தில் வெற்றிடக் கருவியால் நிரப்புகிறோம். கம்ப்ரஸர் காற்றை வைத்து ஏறக்குறைய 0.8 பார் அளவுக்கு உள்ளிருக்கும் காற்றை இழுத்துவிட்டு, வால்வை மூடி சில நிமிடம் பார்ப்போம். ஹோஸ்கள் எல்லாம் நசுங்கிக் கிடக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மீட்டர் இறங்காமல் நின்றால் ஒழுக்கு இல்லை. பிறகு கூலன்ட் கேனில் குழாயை விட்டால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். காற்று பிடிக்கவே இடம் இல்லாததால், ஹீட்டர் பாதை நீளமாக இருக்கும் பெரிய வண்டிகளுக்கு இதைத்தான் நான் எப்போதும் சொல்வேன்.

இன்னொன்று, மின்சார வாட்டர் பம்ப் உள்ள கார்கள். அவற்றில் ஆக்சிலரேட்டரை மிதித்துப் பயனில்லை, பம்ப் எஞ்சின் வேகத்தோடு சுற்றுவது இல்லை. பல பிஎம்டபிள்யூ எஞ்சின்களில் இக்னிஷனைப் போட்டு, ஹீட்டரை முழுச் சூட்டிலும் அதன் காற்று விசிறியைக் குறைந்த வேகத்திலும் வைத்து, ஆக்சிலரேட்டரை 10 நொடி முழுக்க அழுத்திப் பிடித்தால் பம்ப் தானே 12 நிமிடம் போல ஓடிக் காற்றை வெளியேற்றும். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணவே தேவையில்லை. ஹைப்ரிட் வண்டிகளில் தனித்தனிப் பாதைகளே இருக்கும், அவரவர் வண்டியின் சர்வீஸ் கையேட்டைப் பார்க்காமல் தொடாதீர்கள்.

புதியஓட்டம்:

அண்ணா, இப்போது வண்டி பக்கத்தில் நின்றுகொண்டே எழுதுகிறேன். ஸ்டார்ட் பண்ணும் முன்பே, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்க்ரூவைத் தளர்த்தி ஊற்றியதில் 360 மில்லி போனது. தெர்மோஸ்டாட் திறந்தபோது நீங்கள் சொன்னது போலவே புனல் மடமடவென்று இறங்கியது, அப்போது 400. மிதித்து விட்டதில் இன்னும் 110. ஹீட்டரில் இப்போது நிற்கும்போதும் நல்ல சூடு வருகிறது, கீழ் ஹோஸும் சுடுகிறது. நண்பர் ஓபிடி ரீடர் கொடுத்தார். 97 டிகிரியில் ஃபேன் ஓடுகிறது, 91ல் நிற்கிறது.

ஆனால் ஃபேன் இரண்டு தடவை ஓடிய பிறகும் சின்னச் சின்னக் குமிழி வருகிறது. அரை நிமிடத்துக்கு ஒன்றிரண்டு. பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்குமோ என்று வயிற்றைக் கலக்குகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

பழையஸ்பேனர்:

பதறாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், 950ல் 870 போய்விட்டது. இன்னும் 80 மில்லி காற்று உள்ளே இருக்கிறது, அது வருகிறது, அவ்வளவுதான்.

சிக்கிய காற்று நேரம் போகப் போகக் குறையும். கேஸ்கட் வழியாக வரும் வாயு குறையவே குறையாது, சிலிண்டரில் ஒவ்வொரு முறை எரியும்போதும் புதிதாக வந்துகொண்டே இருக்கும். ஆர்பிஎம்மைக் கூட்டினால் குமிழியும் கூடும். குளிர்ந்த எஞ்சினை மூடி போட்டு ஸ்டார்ட் பண்ணி ஒன்றிரண்டு நிமிடத்திலேயே, சூடு ஏறுவதற்கு முன்பே, மேல் ஹோஸ் கல் மாதிரி விறைத்தால் அது கெட்ட அறிகுறி. ஒழுக்கு எங்கேயும் தெரியாமல் தினமும் கூலன்ட் குறைவது இன்னொன்று. இவற்றில் ஏதாவது இருந்தால் நீல நிறத் திரவ சோதனை செய்யச் சொல்லுங்கள். ரேடியேட்டர் கழுத்தில் வரும் காற்றை அந்தத் திரவத்தின் வழியே இழுப்பார்கள். அதில் எரிந்த வாயுவின் கார்பன் டை ஆக்சைடு இருந்தால் நீலம் மஞ்சளாகும்.

இப்போது இன்னும் பத்து நிமிடம் ஓடவிட்டு, குமிழிகளுக்கு நடுவில் எத்தனை நொடி என்று எண்ணுங்கள். இடைவெளி நீண்டுகொண்டே போனால் அணைத்துவிட்டு மூடி போட்டுப் படுக்கப் போங்கள்.

புதியஓட்டம்:

எண்ணினேன். முதலில் 20 நொடிக்கு ஒன்று, பிறகு 50, பிறகு ஒன்றரை நிமிடம், கடைசியில் நான்கு நிமிடம் பார்த்தும் ஒன்றும் வரவில்லை. மூடி போட்டுவிட்டேன்.

இன்று காலையில் மூடியைத் திறந்தால் மட்டம் கழுத்துக்குக் கீழே இருந்தது, 60 மில்லி போனது. ரிசர்வ் டேங்கும் விரல் அகலம் இறங்கியிருந்ததால் கோடு வரை ஊற்றினேன். ரேடியேட்டருக்கு மட்டும் மொத்தம் 930. டேங்கிலிருந்து இரவில் இழுத்ததையும் சேர்த்தால் 950 வந்துவிடுகிறது என்று நினைக்கிறேன். ஸ்டார்ட் பண்ணி மூன்று நிமிடம் கழித்து மேல் ஹோஸை அமுக்கினேன், மெத்தென்றே இருந்தது. 15 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தேன். ரீடரில் 96க்கு மேல் ஏறவில்லை, டேஷ்போர்டுக்குப் பின்னால் சத்தம் அடியோடு நின்றுவிட்டது. நாளைக் காலையில் ஒரு தடவை மூடியைத் திறந்து பார்த்துவிட்டு அம்மாவை அழைத்துக்கொண்டு கிளம்புகிறேன். அண்ணா, நீங்கள் அளக்கச் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த 3.3 லிட்டரோடேயே கிளம்பியிருப்பேன்.

பழையஸ்பேனர்:

ரொம்ப சந்தோஷம் தம்பி. நாளைக்கு ரீடரையும் அரை லிட்டர் கூலன்ட்டையும் வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு உடம்பு நன்றாக இருக்கட்டும்.

அந்த இரண்டு கேன்கள் மேல் விஷம் என்று பெரிதாக எழுதி, பழைய ஆயில் வாங்குகிற இடத்தில் கூலன்ட்டும் எடுப்பார்களா என்று கேட்டுக் கொடுத்துவிடுங்கள், சாக்கடையில் ஊற்ற வேண்டாம். எத்திலீன் கிளைகால் தித்திப்பாக இருக்கும், நாயும் பூனையும் தேடி வந்து நக்கும், கொஞ்சம் போனாலே சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். வண்டிக்கு அடியில் சிந்தியிருந்தால் இன்றே தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவிவிடுங்கள்.